சாலைக்குக் கேட் கிடையாது, மருமகனே

வா மருமகனே, திண்ணையில உட்காரு. பச்சை வேட்டியும் பச்சைத் துண்டுமா நிக்கிறது, சேத்தூர் கண்மாய்க்குக் கீழ நாத்து நட்ட மாதிரி கண்ணுக்குக் குளுமையா இருக்கு. மார்கழி பிறந்ததும் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையாம், வெறுங்காலாம். மழை கொட்டினாலும் நிக்க மாட்டியாம், பஸ்ஸும் ஏற மாட்டியாம். கேட்டதும் உங்க அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அது வெங்காயம்னு நான்தான் சொல்லிவச்சிருக்கேன்.

போன வாரம் தென்னந்தோப்பு வரைக்கும் வந்துட்டு இதே திண்ணையில மூச்சு வாங்கினது நீதானே? இல்ல, உன்ன மாதிரி வேற ஆளா?

கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் தாண்டித் திருநெல்வேலி சேரவே குதிகால் தோலு உரிஞ்சிரும். அங்கிருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல கிடக்கு. முருகனுக்குக் கை பன்னிரண்டு, சரி. ஒரு கையிலயாவது களிம்பு டப்பா பார்த்திருக்கியா? உனக்கோ சுகர். கால் மரத்துப்போறவன் வீட்டுக்குள்ளயே செருப்புப் போடணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? கருவமுள் ஏறினாலும் உனக்குத் தெரியாது. மழைத் தண்ணியில ஊறின தோலு வெளுத்துக் கிழிஞ்சாலும் தெரியாது. வலிக்கலன்னு நீ அரோகரா போடுவ. கூட வர்றவன் அதைப் பக்தின்னு கையெடுத்துக் கும்பிடுவான். செருப்புப் போட்டா சாமி கோவிக்குமாம்! அவரே நடக்கல மருமகனே, மயில்ல போறாரு.

மழையைப் பத்தி எனக்குச் சொல்ற. 2023 மார்கழி முதல் தேதி மறந்துட்டியா? அந்த டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது. திருச்செந்தூருக்குப் பக்கத்து ஊரு அது. சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னது நின்னதுதான், உள்ள கிடந்தவங்களுக்கு ஹெலிகாப்டர்ல சாப்பாடு போட்டாங்க. ரயிலுக்கே அந்தக் கதி. நீ அதைவிடக் கனம்தான், ஒத்துக்கிடுறேன்.

நம்ம சதுரகிரி மலையைப் பாரு. 2015 மே மாசம் காட்டாத்து வெள்ளம் வந்து, சாமி கும்பிடப் போனவங்க உயிரே போச்சு. அதுக்குப் பெறகு பல வருசம் அமாவாசைக்கு, பௌர்ணமிக்குன்னு நாளை எண்ணித்தான் மேல விட்டாங்க. மழைன்னா தாணிப்பாறையிலேயே கேட்டைப் பூட்டிருவாங்க. வனத்துறைக்காரரோட மல்லுக்கு நின்னு, வைதுட்டு, அடிவாரத்துலயே சூடம் கொளுத்தித் திரும்பினவங்க எத்தனை பேரு! மலைமேல இருக்கிற சுந்தர மகாலிங்கம் அந்தச் சூடத்தைத் திருப்பி அனுப்பினதா நான் கேள்விப்படல. தார்ச்சாலைக்குத்தான் கேட் இல்ல, பூட்ட ஆளும் இல்ல. சாவி உன் மடியில.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நேர்த்தி முருகன்கிட்ட வச்சியா, கூட நடக்கிற செட்டுக்காரங்ககிட்ட வச்சியா? செட்டுக்காரங்கன்னா கஷ்டந்தான், ஒரு பர்லாங் குறைஞ்சாலும் பொங்கல் வரைக்கும் டீக்கடையில பேசுவாங்க. முருகன்னா பேரம் பேசலாம். மார்கழியை விட்டுத் தைப்பூசத்துக்கு நட, அதுக்குள்ள மழையும் பெரும்பாலும் ஓய்ஞ்சிரும். வெள்ளன மூணு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன்னே எங்கயாவது முடங்கு. முதுகுல மினுங்குற ஸ்டிக்கர் ஒட்டிக்க, இருட்டுல வர்ற லாரிக்காரனுக்கு உன் பக்தி தெரியாது. சங்கரன்கோவில்ல கோமதியம்மாளைக் கும்பிட்டுட்டு, உள்ளங்காலைக் கண்ணாடி வச்சுப் பாரு. கொப்புளம் கிடந்தா பேசாம பஸ் ஏறி, குரும்பூர்ல இறங்கு. அங்கிருந்து கால் விட்டா நட, விடலன்னா அடுத்த பஸ்ஸும் அந்த வழியாத்தான் வரும். அதுக்கும் தெம்பில்லையா, இந்தா இருக்கு தேவதானம். நச்சாடை தவிர்த்த சிவனைப் பொடிநடையாப் போய்ப் பார்த்துட்டு மத்தியானச் சோத்துக்கு வந்துரலாம். மகன் பாக்கியை அப்பன் கணக்குல எழுதிக்கிட மாட்டாரா என்ன?

ஆனா செந்தூர் போனா, பிள்ளையார் அப்பா அம்மாவைச் சுத்தி வந்து பழம் வாங்கின கதையை மட்டும் சந்நிதியில எடுத்துறாத. அவருக்கு அது இன்னும் ஆறல.

மாத்திரையை மஞ்சப்பையில போடாத, நனைஞ்சிரும். டப்பாவுல போட்டு மடியில கட்டிக்க. வர்றப்ப உங்க அத்தைக்குப் பன்னீர் இலை விபூதி, எனக்குச் சில்லுக்கருப்பட்டி அரைக்கிலோ. ருசி பார்க்கிறேன்னு வழியில பொட்டலத்தைப் பிரிச்சிறாத, உனக்குத்தான் சுகராச்சே.