டை வெட்டின பிறகு வந்த டிசைனரு

ஏலே பேராண்டி, மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்தா மட்டும் விசிறி சுத்திருமா? கொல்கத்தா பெஹாலாவுக்கு வந்த நாளா நானும் பாக்கேன். தாராதலா ஃபேன் கம்பெனிக்குப் போயிட்டு வரும்போதெல்லாம், "அவங்களுக்கு ரசனையே இல்ல தாத்தா"ங்க. அவுக என்னடான்னா, "இந்தத் தம்பிக்கு ஸ்பேனர் எந்தக் கையில புடிக்கணும்னே தெரியாது"ங்காகளாம். ரெண்டு பேரும் உண்மையைத்தாம்லே சொல்லுதிய, அப்புறம் எதுக்குச் சண்டை?

2023 சனவரியில இருந்து சீலிங் ஃபேனுக்குக் கரண்டு மிச்சத்தைக் காட்டுற ஸ்டார் லேபிள் கட்டாயம்னு ஆயிப்போச்சு. கம்பெனிக்காரன் மோட்டாரை மாத்துனான். 75 வாட்டு இழுத்த இடத்துல 30 வாட்டு போதும்னான். பிளேடை அடிக்குற அச்சு, அதான் டை, அதையும் வெட்டியாச்சு. அதுக்கப்புறம் உன்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் அழகாக்கிக் குடுங்க"ன்னுருக்கான். தாலி கட்டுன பொறவு ஜாதகம் பாக்கக் கூப்பிட்ட கதைதான்! நீயும் லேசுப்பட்டவனா? பிளேடைக் காயிதக் கனத்துக்கு, சாய்வையும் குறைச்சு வரைஞ்சு, கம்ப்யூட்டர்ல பளபளன்னு சுத்தவிட்டுக் காட்டுனியாமே. படத்துல நல்லாத்தான் சுத்தும், கூடத்துல காத்து வரணும்லா? பிளேடு சாய்வைக் குறைச்சா காத்தும் குறையும்னு அந்தப் பழைய ஃபிட்டர் சொல்லையில, நீ போனை நோண்டிக்கிட்டு இருந்திருக்க.

இந்த ஊர்ல பூசைப் பந்தல் போடுறவன்கிட்டப் போயி நில்லு. பக்கத்துல பரிஷா கிளப்புல, 2020-ல துர்க்கையை ஊரடங்குல பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்த கூலிக்காரத் தாயா நிறுத்துனாகளே, ஞாபகம் இருக்கா? பந்தல்ல படம் வரையுறவன் மூங்கில்காரனோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கான். "இந்தக் கம்பு இதுக்கு மேல வளையாது"ன்னா, அங்கனயே படத்தைத் திருத்துதான். பூசை தொடங்குற சஷ்டியைத் தள்ளிப்போட முடியாதுல்லா!

இன்னொண்ணு கேளு. ஓட்டு மெஷின். பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இ.சி.ஐ.எல்லும் செஞ்சது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல அந்த வேலையைப் பாத்தவரு நம்ம சுஜாதா, கதை எழுதுவாரே அவரேதான். 1982-ல கேரளத்துப் பரூர்ல 50 சாவடியில வச்சிப் பாத்தாக. பொறவு 1980-களோட கடைசியில, பம்பாய் ஐ.ஐ.டி. டிசைன் வாத்தியாருக ஏ.ஜி. ராவும் ரவி பூவையாவும் சேந்து இன்னிக்கு நீ பாக்குற உருவத்துக்குக் கொண்டாந்தாக. ஆபீசர்கிட்ட ஒரு பெட்டி, மறைப்புக்குள்ள ஒரு பெட்டி, நடுவுல 5 மீட்டர் வயரு. மறைப்புக்குள்ள இருக்குற பெட்டியில 16 பட்டன், பக்கத்துலயே பேரும் சின்னமும். அமுக்குனா செவப்பு லைட்டு, பீப்னு ஒரு சத்தம். கரண்ட் இல்லாத ஊருக்குப் பேட்டரி. இதுல எஞ்சினியர் மூளை எது, டிசைனர் மூளை எதுன்னு பிரிச்சுச் சொல்லு பாப்போம்! எழுத்து வாசனை இல்லாத உங்க ஆச்சி, யாரையும் கேக்காம அமுக்கிட்டு வந்தா. யாருக்குப் போட்டான்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட மூச்சு விடலை.

நாளைக்குப் போனா லேப்டாப்பைப் பையில இருந்து எடுக்காத. அந்த ஃபிட்டர்கூட டீ குடி, திட்டுனா வாங்கிக்கோ. அடுத்த மாடலுக்கு டை வெட்டுறதுக்கு முந்தியே கூப்பிடணும்னு ஒப்பந்தத்துல எழுதச் சொல்லு. பீஸ்ல பாதியை முன்னாலயே வாங்கிரு. உன் வரைபடத்துக்கு மதிப்பு குடுக்காத மொதலாளியும், கைவிட்டுப்போன காசுக்காகவாது நீ சொல்லுறதைக் காது குடுத்துக் கேப்பான்.