அனுப்பர்பாளையத்துக் கடைசி உறைபனி: ஒரு கால நிர்ணய ஆராய்ச்சி

அயல்நாட்டில் வாழும் உறவினர் அன்போடு கொடுத்தனுப்பும் காய்கறி விதைப் பொட்டலங்களின் முதுகில், பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தாலன்றிப் புலப்படாத பொடியெழுத்தில், ஒரு கட்டளை அச்சிடப்பட்டிருக்கிறது: கடைசி உறைபனி கழிந்து இரண்டு வாரம் சென்றபின் விதைக்கவும். இதனைச் சிரமேற்கொண்டு, பித்தளை தட்டும் ஓசை பட்டறைகளிலிருந்து எழுந்து வந்து மோதும் அனுப்பர்பாளையத்து மொட்டைமாடி ஒன்றில் விதையிடத் துணிபவர், முதற்கண் நிர்ணயிக்கவேண்டியது, அவ்வூரில் கடைசி உறைபனி எந்நாளில் பெய்தது என்பதே. இத்துணை முக்கியமான விஷயத்தில் பூர்வாசாரியர் எவரும் கைவையாது விட்டுச் சென்றிருப்பது வருந்தத்தக்கது.

வடபுலத்தார் சம்பிரதாயத்தை முதலில் நோக்குவோம். ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் மே 11 முதல் 15 வரை மாமெர்த்துஸ், பாங்கிராஸ், செர்வாத்தியுஸ், போனிபாஸ், சோபியா என்னும் ஐந்து பனிப் புனிதர்களின் திருநாட்கள் நடந்து முடியும்வரை தக்காளி நாற்றை வெளியே இறக்கமாட்டார்கள். டொரொன்டோவில் வாழும் நம்மவரோ, மாசி பங்குனியிலேயே ஜன்னலோரத்துத் தயிர் டப்பாக்களில் கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு, மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா தின விடுமுறை வரையில் அவற்றைக் குழந்தைகளைப் போலக் காத்துவந்து, பின்னரே கொல்லையில் நடுகிறார்கள். இங்கோ ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம். சோபியா அம்மையார் ஜெர்மானிய நாற்றை உறைய வைக்கக்கூடிய அதே நாளில், அனுப்பர்பாளையத்து நாற்று நண்பகலுக்குள் வற்றலாகிவிடும். போதாக்குறைக்கு, நம் இலக்கண மரபு சித்திரையையும் வைகாசியையுமே இளவேனில் என்று வகுத்து வைத்திருக்கிறது. வசந்தத்தின் தொடக்கத்தில் விதை என்று சொல்லும் பொட்டலத்தையும், வசந்தம் சித்திரையில் தொடங்குகிறது என்னும் இலக்கணத்தையும் ஒருங்கே நம்புகிறவர் கத்திரி வெயிலில் முட்டைக்கோசு விதைப்பார். தமிழாசிரியர்களின் மாடித்தோட்டங்கள் தழைக்காமைக்கு இதுவே ஹேது என்பது என் துணிபு.

இனிப் பூர்வபக்ஷம். உறைபனி இங்கே பெய்ததே இல்லை என்பர் ஒரு சாரார். மார்கழி தை மாதங்களில் உறைபனி காணும் உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் 2240 மீட்டர் உயரத்தில் இருக்க, நம்மூர் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலேயே நிற்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்காதலால், உதகையில் நீர் உறையும் விடியலில்கூட இங்கே பன்னிரண்டு டிகிரிக்குக் குறைய நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். கணக்கில் பிழையில்லை. ஆனால் பனியை வெப்பமானி கொண்டு மட்டும் அளப்பவர்கள் வருவாய்த்துறையின் மகிமையை அறியாதவர்கள்.

கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மேலேறி, அங்கே உருளைக்கிழங்கு முதலான சீமைக் காய்கறிகளைப் பயிராக்கினார். பின்னர் உதகையில் குடியேறிய ஐரோப்பியர், மலிவாகக் காய்கறி கிடைக்கவேண்டுமென்று மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுத் தொடங்கிய தோட்டமே, 1848-இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த மக்கைவரின் கைபட்டு, இன்று நாம் குழந்தைகளோடு சென்று புல்தரையில் படுத்துவரும் தாவரவியல் பூங்காவாயிற்று. அக்காலத்தில் மலையும் கோயமுத்தூர் ஜில்லா, அனுப்பர்பாளையமும் கோயமுத்தூர் ஜில்லா. ஆகவே மலையில் பெய்த பனி நிர்வாக ரீதியில் நமது பனியே. 1868 ஆகஸ்டில் நீலகிரி தனியே பிரிக்கப்பட்டபோது அந்தப் பாத்தியதை அற்றுப்போயிற்று. இந்நெறிப்படி நமக்குரிய கடைசி உறைபனி 1868-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெய்தது. விதைப்பதற்குரிய இரண்டு வாரம் கடந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இவ்வளவு தாமதமாக விதைத்தால் எதுவும் முளைக்குமா என்னும் ஆட்சேபத்திற்கு விடையில்லாமையால் இக்கொள்கையையும், மனமின்றியே, விடவேண்டியதாகிறது.

எஞ்சுவது சித்தாந்தம். ஊரில் உறைபனி பெய்யாவிடினும் வீட்டில் பெய்கிறது. ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியின் மேலறையில் நாள்தோறும் படிந்து, ஐஸ் தட்டை வெளியே எடுக்கவொட்டாமல் இறுகிக் கிடக்கும் வெண்பொருள் உறைபனியே என்பதை எந்தப் பௌதிக சாஸ்திரியும் மறுக்கமாட்டார். அது முற்றாக நீங்கும் நாள், பொங்கலுக்காக வீடு கழுவப்படும் போகியை ஒட்டி வருகிறது. அதனோடு இரண்டு வாரம் கூட்டினால் தை பாதி. அதுவே தைப்பட்டம். இம்முடிவைப் பட்டறையில் குடம் தட்டிப் பழகிய பெரியவர் ஒருவரிடம் சமர்ப்பித்தபோது, "தை பொறந்தா வெண்டையும் பீர்க்கனும் போட்டறோணுங்க, பொட்டலத்துல என்ன எழுதியிருந்தா நமக்கென்னங்க?" என்றார். ஆராய்ச்சி முறையை அவர் பொருட்படுத்தவில்லையாயினும் முடிவை ஏற்றுக்கொண்டதாகவே கொள்கிறேன்.

விதைக்கும் கலம் பற்றியும் ஒரு வார்த்தை. குடமும் அண்டாவும் குத்துவிளக்குமாக ஊருக்கெல்லாம் செய்தனுப்பும் இவ்வூரில், செடிகள் பழைய பெயிண்ட் டப்பாவிலும் விரிசல் கண்ட பிளாஸ்டிக் குடத்திலுமே வளர்கின்றன. பித்தளை வெயிலில் காய்ந்து வேரை வேகவைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்; பழம்பித்தளை நல்ல விலைக்கு எடைக்குப் போகும் என்பது சொல்லப்படாத காரணம். வடபுலத்தார் குளிருக்கு அஞ்சிப் பாத்திமேல் மெல்லிய துணி போர்த்துவார்கள். பக்கத்திலேயே பனியன் துணி மலைமலையாகக் குவிந்துகிடந்தும், போர்த்தத்தக்க குளிர் கிட்டாமையால், நாம் வெயிலுக்கு அஞ்சிப் பச்சை நிழல்வலை கட்டுகிறோம்.

ஆதலின், தை பாதியில் வெண்டை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றை அச்சமின்றி ஊன்றலாம். பொட்டலத்தில் வந்த லெட்யூஸ் கீரை விதை, மண்ணின் சூடு முப்பது டிகிரியை நெருங்கினால் உறங்கிவிடும் சுபாவமுள்ளதாதலால், அதை மார்கழிக்குள் விதைத்துவிடுவதோ உதகைக்குப் போகும் நண்பரிடம் கொடுத்துவிடுவதோ உத்தமம். இம்முடிவை உறுதிசெய்ய, வாசகர்கள் தத்தம் பெட்டியில் பனி நீங்கிய தேதியை ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன். தானே பனி நீக்கிக்கொள்ளும் இரட்டைக் கதவுப் பெட்டி வைத்திருப்போர் எழுதவேண்டியதில்லை.