புல்லு வாங்கப் போற மாப்ளைக்கு

வாங்க மாப்ள, வாங்க. அந்தக் கயித்துக் கட்டல்ல உக்காருங்க. வெள்ளைப் பேண்ட்டு அழுக்காயிரும்னு யோசிக்காதீங்க. கெடக்கறது ஆட்டுப்புழுக்கைதான், காஞ்சது, தட்டுனா உதுந்துரும். மோரு குடிக்கறீங்களா? குடிங்க. பெரிய மாமனாரு பேச ஆரம்பிச்சா நேரமாகும்.

பல்லடத்துப் பக்கம் வீட்டைக் கட்டிட்டீங்க, ஆவணியில பால் காச்சறீங்க, வர்ற ஞாயித்துக்கெழமை நர்சரி வண்டி வந்து முன்வாசல்ல 600 சதுரடிக்குப் பச்சைக் கம்பளம் விரிக்குதுன்னு புள்ள போன்ல சொல்லுச்சு. ரொம்பச் சந்தோசமுங்க. அந்தக் கம்பளத்துக்கு என்னமோ பேரு சொன்னீங்களே... ஆமா, பெர்முடா. நர்சரிக்காரன் அனுப்புன போட்டோவைப் பேரன் செல்லுல காட்டுனான். கண்ணாடியப் போட்டுட்டு ரெண்டு வாட்டி பாத்தேன். மாப்ள, அது நம்ம அருகுங்க!

கொஞ்சம் சன்னமாத் தலைசீவி விட்டிருக்காங்க, அவ்வளவுதான். பேரன் அக்ரி படிக்கறவன், அவனும் ரெண்டும் ஒரே குடும்பந்தான், சைனோடான்னு புஸ்தகத்துல போட்டிருக்குதுங்கறான். அறுவது வருசமா எங்க வரப்புல குனிஞ்சு குனிஞ்சு நான் கொத்தி எறிஞ்சது அதைத்தான். இந்த முதுகு வயசால வளைஞ்சதுன்னு ஊருல பேசிக்கறாங்க. இல்லீங்க, அருகால வளைஞ்சது. அதையே நீங்க சதுரடிக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்கறீங்க. முன்னமே சொல்லியிருந்தா எறியாமச் சேத்து வெச்சிருப்பனே.

சரி, போச்சாது போங்க. புள்ள ஆசைப்படுது. ஊட்டிப் பூங்காவுல பாத்த மாதிரியே வேணுமாம். தப்பில்லை. ஆனா அந்தப் பூங்காவை மேக்ஐவர்னு ஒரு வெள்ளைக்காரரு 1848ல போட ஆரம்பிச்சாரு. 7,000 அடிக்கு மேல இருக்கற ஊரு, குளிரு, மழை, அதுக்கு மேல நூத்தி எழுவத்தஞ்சு வருசத்து மண்வேலை. நீங்க அதை ஞாயித்துக்கெழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள கேக்கறீங்க. "புல்லுக்கு இவ்வளவு ஒதுக்கியாச்சு மாமா"ன்னீங்க. மண்ணுக்கு எவ்வளவுன்னு கேட்டேன். "மண்ணுக்கு எதுக்கு, அதுதான் கெடக்குதே"ன்னீங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அதனாலதான் நேத்துப் பொழுதோட கடப்பாறையும் மம்முட்டியும் எடுத்துட்டு உங்க வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் திருடன்னு நெனைச்சான். வீட்டு மாமனாருன்னு சொன்னேன், அப்பவும் அவன் சந்தேகம் தீரலை. நாலு எடத்துல தோண்டுனேன். முக்கா அடிக்குள்ள உங்களுக்குக் கெடைச்ச சீதனத்தைச் சொல்றேன், எழுதிக்குங்க: ஒடைஞ்ச டைல்ஸ் ஒரு கூடை, வளைஞ்ச ஆணி ஒரு பிடி, சிமெண்ட்டுச் சாக்கு ரெண்டு, பெயிண்ட்டு டப்பா மூடி ஒண்ணு, கொத்தனாருங்க டீ குடிச்ச கப்பு கணக்கில்லை, செருப்பு ஒத்தை. இன்னொரு கால் செருப்பு எங்கேன்னு கேக்காதீங்க. அது எங்க கெடக்குதோ அதுக்கு மேல உங்க புல்லு வட்டமாக் காஞ்சு நின்னு காட்டிக் குடுக்கும்.

அதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்குது. வானம் தோண்டுனப்ப நல்ல மேமண்ணை அடியில தள்ளிட்டு, அடியில கெடந்த சுக்கானையும் சரளையையும் மேல பரப்பி, "லெவல் பண்ணிட்டோம் சார்"னு சொல்லியிருக்காங்க. தாத்தனைத் தூக்கித் தொட்டில்ல போட்டுட்டு, கொழந்தையக் கட்டலுக்கு அடியில தள்ளுன கதை. பாக்க லெவலாத்தான் இருக்குது. ஆனா உசுரு இருக்கற மண்ணு மேல ஒரு சாணுதானுங்க. அதைப் பொதைச்சுட்டா வேரு யாரு வீட்டுக்கு ஒறம்பரை போகும்?

கேட்டோரமாக் கலவை போட்ட எடம் இருக்குதே, அங்க கடப்பாறை 'ணங்'குன்னு திரும்பி வந்துருச்சு. சிமெண்ட்டுத் தண்ணி எறங்குன மண்ணு அது. அதுக்கு மேல என்ன புல்லு வெச்சாலும் மஞ்சக் காமாலை வந்த மாதிரிதான் நிக்கும். சத்து மண்ணுல இருந்தாலும், சுண்ணாம்பு மிஞ்சுன எடத்துல இரும்புச் சத்தை வேரால எடுக்க முடியாது. அந்த எடத்தைச் சீர் பண்ணலாம்னு பாக்காதீங்க. ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி வண்டியில ஏத்தி வெளியில அனுப்பிட்டு, நல்ல வண்டல் கொண்டாந்து ரொப்புங்க.

அப்பறம் அந்த வெள்ளை மூட்டை என்னங்க மாப்ள, மாடிப்படிக்குக் கீழ? சுண்ணாம்பா! வீடியோவுல சீமைக்காரன் புல்லு போடறதுக்கு முன்னால தூவச் சொன்னானா? அவன் ஊரு மழையில மண்ணு புளிச்சுப் போகும், அவனுக்கு அது மருந்து. நீங்க சுக்கான் பாறை மேல வீட்டைக் கட்டிக்கிட்டு சுண்ணாம்பு வாங்கறது ஊத்துக்குளிக்கு வெண்ணெய் சுமந்துட்டுப் போற மாதிரி. அந்த மூட்டையத் திண்ணைக்கு வெள்ளையடிக்க எனக்குக் குடுத்துருங்க. நீங்க போயி மண்ணைப் பரிசோதிச்சுட்டு வாங்க. ஏழெட்டு எடத்துல அரையடி ஆழத்துக்கு வி வடிவத்துல வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, எல்லாத்தையும் கலந்து நெழல்ல ஒணத்தி, அரைக்கிலோ குடுத்தாப் போதும். சீட்டுல கார அமிலம்னு ஒரு எண்ணு போட்டுக் குடுப்பாங்க. 6லிருந்து 7.5க்குள்ள இருந்தாப் பாயாசம் வையுங்க. 8ஐத் தாண்டியிருந்தா என்னைக் கூப்புடுங்க. எருவும் பொறுமையும் கொஞ்சம் சேத்து வேணும்.

மிச்சமான எம்சாண்டையும் கொட்டப் போறதா மேஸ்திரி சொன்னான். அட சாமி! கட்டடம் இறுகணும்னு ஒடைச்ச மணலை, வேரு நுழையணும்னு போடறீங்களா? ஏற்கெனவே ஒரு வருசமா டிப்பர் லாரி ஏறி எறங்கி வாசலு தாராபுரம் ரோடு மாதிரி கெடக்குது. நம்பலைன்னா ஒண்ணு பண்ணிப் பாருங்க. ஒரு அடிக்குக் குழி வெட்டித் தண்ணிய ரொப்புங்க. வத்துனதும் மறுக்கா ரொப்புங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல குடிச்சுருச்சுன்னா மண்ணுக்குத் தொண்டை இருக்குதுன்னு அர்த்தம். மறுநாள் காலையில தண்ணி அப்படியே நின்னு உங்க மொகத்தைக் காட்டுச்சுன்னா, அது புல்லுக்கு ஆகற எடமில்லை, மீனு வளக்கலாம்.

இப்ப வேலையச் சொல்றேன். மொதல்ல அந்த ஞாயித்துக்கெழமை வண்டிய நிறுத்துங்க. இது சித்திரை. ஒரு அடி ஆழத்துக்குக் கெளறி, கட்டி கட்டியா வெயில்ல போட்டுருங்க. எதுக்குன்னா, உங்க வாசல்ல கோரை இருக்குது. மேல தெரியற நாலு தாளைப் புடுங்கிட்டு "களை எடுத்தாச்சு"ன்னு தோட்டக்காரன் கூலி வாங்கிட்டுப் போயிட்டான். கோரைக்குத் தாளு வெறும் தலைமயிரு மாப்ள. ஆளு கீழ இருக்கறான். நூல்ல கோத்த கறுப்பு மணி மாதிரி கெழங்கு கெழங்காப் போகும். ஈர மண்ணுல ரோட்டாவேட்டரை விட்டீங்கன்னா ஒரு மாலைய அறுத்து நூறு மணியா வெதைச்ச கணக்கு. சித்திரை வெயில்ல பொரட்டிப் போட்டாத்தான் அந்தக் கெழங்கு சுருங்கிச் சாகும். வெயிலுக்குக் கூலி கெடையாதுங்க, அதையாவது வாங்கிக்குங்க.

வைகாசியில கல்லையும் கெழங்கையும் பொறுக்கி எடுத்துட்டு எரு போடுங்க. 600 சதுரடிக்கு ரெண்டு இஞ்சு கனம்னா 100 கனஅடி, சரியா ஒரு யூனிட்டு. கணக்கு எப்படி? நானும் அஞ்சாங்கிளாசு. ஆனா பச்சைச் சாணியக் கொண்டாந்து கொட்டிராதீங்க. மாடு தின்ன களை வெதையெல்லாம் அதுல உசுரோட இருக்கும். பாதி மக்குனது கரையானுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி. குவியலுக்குள்ள கையை விடுங்க. சுட்டா இன்னும் வேகலை. ஆறிப் போயி, உதுந்து, மொத மழை வாசம் அடிச்சா வாங்குங்க. கையை விட மாட்டேன்னா சொல்லுங்க, நான் விடறேன், எனக்கு மோதிரமில்லை.

ஆனியில ஒண்ணும் நடாம, சும்மா தண்ணி விடுங்க. அக்கம்பக்கத்துல சிரிப்பாங்க, "ஐடிக்காரரு மண்ணுக்குத் தண்ணி ஊத்தறாரு"ன்னு. ஊத்துங்க. பத்துப் பதினஞ்சு நாள்ல ஒளிஞ்சிருந்த களையெல்லாம் ஒறம்பரை மாதிரி எந்திரிச்சு வரும். பூ எடுக்கறதுக்கு முன்னால மேலாக்கச் செதுக்கிருங்க. ஆழமாக் கெளறுனா அடியில தூங்கற வெதை மேல வந்துரும். கோரை தலை காட்டுனா மட்டும் கெழங்கோட நோண்டி எடுங்க. ஆடியில மறுக்கா ஒருவாட்டி இதே வேலை. ஆடியில எப்படியும் நல்ல காரியம் பண்ண மாட்டீங்க. புதுப்பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல? புல்லும் அந்த மாசம் நர்சரியிலயே இருக்கட்டும். "களைக்கொல்லி அடிச்சா ரெண்டு வாரத்துல வேலை முடிஞ்சுரும்"னு நர்சரிக்காரன் சொல்லுவான். அது மட்டும் வேண்டாமுங்க. ஏன்னு கடைசியில சொல்றேன்.

ஆவணி பொறந்ததும் மட்டம் பாருங்க. வீட்டுச் சுவத்துலருந்து வெளிய பத்தடிக்கு ஒண்ணேகால் இஞ்சு வாட்டம் இருக்கட்டும், இல்லைன்னா ஐப்பசி மழை நேரா ஹால்ல வந்து டிவி பாக்கும். கொத்தனாரு டியூப் லெவல் வெச்சிருப்பான், கேளுங்க. நடைபாதைக் கல்லுக்கு ஒரு இஞ்சு கீழ மண்ணு நிக்கணும், ஏன்னா பத்தைக்குன்னு ஒரு கனம் இருக்குது. ரோலருக்கு அலையாதீங்க, பிளாஸ்டிக் டிரம்முல தண்ணி ரொப்பி உருட்டுங்க. அப்பறம் செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க. குதிகாலு பொதைஞ்சா இன்னும் உருட்டணும். அச்சே விழலைன்னா உருட்டுனது அதிகம். லேசாத் தடம் விழுந்தாச் சரி. அதுக்கப்பறம் புல்லைப் போடறது ஒரு நாள் வேலை. பத்தைங்க தோளோட தோளு ஒட்டி, செங்கல்லு வரிசை மாதிரி இணைப்பு மாறி மாறி வரணும். வந்த அன்னைக்கே போட்டு முடிக்கணும். ரெண்டு வாரங் கழிச்சு மூலையத் தூக்கிப் பாருங்க. தூக்க வராம அடம் புடிச்சா, பொண்ணு புகுந்த வீட்டுல ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.

தண்ணிக் கணக்கையும் கேட்டுக்குங்க. வெயில் நாள்ல தரை தெனமும் அஞ்சு மில்லிமீட்டர் குடிக்கும்னு வையுங்க. உங்க எடத்துக்கு 280 லிட்டரு. பதினஞ்சு லிட்டர் கொடம்னா பத்தொம்பது கொடத்துக்குச் சித்தெ கம்மியா ஆகும். எங்க அப்பாரு காலத்துல காங்கேயத்துப் பக்கம் கொரங்காடு இருந்துச்சு. கிளுவை வேலி, வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப் புல்லு. மழையக் குடிச்சு வளந்துச்சு, மாடு மேஞ்சுச்சு, மறுக்கா தழைஞ்சுச்சு. ஒரு கொடம் தண்ணி யாரும் சொமக்கலை. அதுக்குப் பேரு மேய்ச்சல் காடு, உங்களதுக்குப் பேரு லான். வித்தியாசம் பத்தொம்பது கொடம். மண்ணு நல்லா இருந்தா அதுல அஞ்சாறு கொடத்தை மண்ணே புடிச்சு வெச்சுக்கும். அதுக்குத்தான் இத்தனை பாடு.

ஏங்க, எந்திரிக்கறீங்க? கடைசியில சொல்றேன்னனே, அதைக் கேக்கலையே.

புல்லு வெட்டற மெசினை 1830ல பட்டிங்னு ஒருத்தரு இங்கிலாந்துல கண்டுபுடிச்சாராம், பேரன் சொன்னான். அதுக்கு முன்னால அங்க பெரிய மனுசங்க வீட்டுப் புல்லை அருவாள் வெட்டுச்சு, இல்லைன்னா செம்மறி மேஞ்சுச்சு. மெசின் வந்ததுல ஆட்டுக்குத்தான் நட்டம். நீங்களும் வாரத்துக்கு ஒருக்கா வெட்டுவீங்க. ஒரே வெட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க, புல்லு சோந்துரும். வெட்டுனதைக் குப்பைக்குத் தூக்காதீங்க. எங்கிட்ட வெள்ளாடு எட்டு நிக்குது, அருகுன்னா உசுரு. மருந்து அடிச்ச புல்லை அதுங்களுக்குப் போட முடியுங்களா? களைக்கொல்லி வேண்டாம்னது மண்ணுக்கும் நல்லதுதான், அதுல பொய்யில்லை. ஆட்டுக்கும் நல்லது, அதுலயும் பொய்யில்லை.

சனிக்கெழமை சாயங்காலம் சாக்கோட வர்றேன், வாட்ச்மேன்கிட்ட சொல்லி வையுங்க. அப்பறம் கெளறறப்ப அந்த இன்னொரு கால் செருப்பு கெடைச்சா எறிஞ்சுராதீங்க மாப்ள. ஒத்தைய நேத்தே கழுவி வெச்சுட்டேன். அளவு எனக்குக் கச்சிதமா இருக்குது.