நான்கு மணி நேரம் என்பது யாருக்கு?

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்?
– வாசகர், சிதம்பரம்

பதில்: வானத்தில் சுமார் 2,900 கி.மீ.; நான்கு மணி நேரம், சற்றுக் கூடக்குறைய. இது மீனம்பாக்கத்துக்காரருக்கான கணக்கு. நீங்கள் புறப்படுவது கீழவீதியிலிருந்து அல்லவா? கடலூர், புதுச்சேரி, திண்டிவனம் தாண்டி விமான நிலையம் சேர 200 கி.மீ.க்கு மேல் சாலை. காரில் போனாலே நாலு, நாலரை மணி நேரம். பஸ் என்றால் கடவுள் சித்தம். வெளிநாட்டுப் பயணி மூன்று மணி நேரம் முன்னதாக வந்து நிற்க வேண்டும் என்பது வேறு. பறக்கும் நேரத்தைப்போல ஏறக்குறைய இருமடங்கு, பறப்பதற்கு முன்பே தரையில் கழிந்துவிடும்!

இறங்கியதும் கடிகாரம் பார்த்துப் பதறாதீர்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. ஊர் திரும்பும்போது அது வட்டியில்லாமல் திரும்பக் கிடைக்கும்.

ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியபோது பருவக்காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நமக்குத் திண்டிவனம் போக்குவரத்து நெரிசல்.

நம் மாவட்டத்திலேயே நெய்வேலியில் ஓடுதளம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சிங்கப்பூர் விமானம்தான் இல்லை.