ஏரியும் மயிலும் காரும்

எங்கள் தெருவில் வாக்குவாதம் என்றாலே தறிக்குழிதான். நெய்கிறவருக்குக் கையும் காலும் ஓயாது. வாய் மட்டும் சும்மா இருக்கும். அதனால் தென்னேரியில் நான் தார் சுற்றிக்கொண்டிருந்த வயதில் ஊர் விவகாரமெல்லாம் நாடாச் சத்தத்தோடு சேர்ந்துதான் காதில் விழுந்தது. அப்பா தறியில் இருப்பார், மாமா திண்ணையில். பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்று விஷயங்களில் வந்து நிற்கும். ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் தங்குமா? மாமா சேலைக்குப் போட்டுக் கொடுத்த மயில் டிசைனுக்கு முதலாளி என்ன தருவார்? பெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனி வருகிறதாமே, நம் பிள்ளைகளை எடுப்பார்களா?

அவர்களுக்கு இந்த மூன்றும் ஒரே பேச்சு. ஏரி நிரம்பினால் நெல் விளையும். விளைந்தால் தறிக்காரனுக்கு அரிசி கடனாகக் கிடைக்கும். மயிலுக்குக் காசு வந்தால் அந்தக் கடன் அடையும். இரண்டும் பொய்த்தால் பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். இன்று அதே மூன்றைப் பற்றித்தான் நாடெங்கும் சண்டை நடக்கிறது. நீர்நிலையைக் காப்பாற்றச் சொல்கிறவர்கள் ஒரு பக்கம், படைப்பாளிக்கு நியாயம் கேட்கிறவர்கள் ஒரு பக்கம், புகையில்லாத கார் வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம். மூவரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவர் காதுக்குப் போவதில்லை.

1996 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வருஷம் மே மாதம் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழும்பி, 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. அதே 1996, ஆகஸ்ட் 28ஆம் தேதி, பாலாற்றைத் தோல் ஆலைகள் பாழாக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும், கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் நம் நாட்டுச் சட்டத்தைச் சேர்ந்தவை என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. டீக்கடைப் பேப்பரில் அதைப் படித்துவிட்டு வந்த அப்பாவுக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை. அடுத்தது சாயப்பட்டறைதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

பயம் வீணில்லை. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுத்தால்தான் சாயம் ஏறும். பட்டின் எடையில் ஏறக்குறையக் கால்பங்கு அந்தப் பசை. அது எங்கே போகும்? சாயத்தண்ணீரோடு சேர்ந்து வாய்க்காலுக்குத்தான் போயிற்று. காஞ்சிபுரத்தில் வேகவதி கெட்டதற்கு ஊர்ச் சாக்கடையோடு சாயப்பட்டறைக்கும் பங்கு உண்டு. பாலாற்றுத் தண்ணீரில் தோய்த்தால்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பு வரும் என்று பெருமை பேசிய தொழில், அந்தத் தண்ணீருக்கே இதைச் செய்தது. இதை நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணாகிய நானே சொல்ல வேண்டும். அம்மா அன்றைக்கே சொன்னாள். “மூடுனா மூடட்டும்யா. தண்ணி கெட்டா மொதல்ல குடிக்கிறது நம்ம புள்ளதான்.” அப்பா பதில் சொல்லவில்லை, தறியைவிட்டு எழுந்து போனார்.

ஆனால் மாமாவின் மயிலைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு இன்னும் நெஞ்சு கொதிக்கிறது.

மாமா டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட கிராஃப் தாளில் பென்சிலால் ஒரு மயிலை இறக்குவார். எந்தக் கட்டத்தில் எந்த இழை எழும்ப வேண்டும், எங்கே ஜரிகை மேலே தெரிய வேண்டும் என்று கணக்குப் பார்த்து நிரப்புவார். பிறகு அந்தக் கணக்கு அட்டையில் துளையாக மாறும். அட்டைகளை வரிசையாகக் கோத்து ஜக்கார்டுப் பெட்டியில் ஏற்றினால் தறியில் மயில் தோகை விரிக்கும். ஒரு முந்திக்கு அட்டைகள் கட்டுக்கட்டாகப் போகும். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்குக் கண் இருக்காது. கரை வேறு நிறம், உடல் வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலையென்றால் நாடா மூன்று. தறியில் நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது பள்ளிக்கூடம் போக வேண்டிய ஒரு பிள்ளையாக இருந்தது. குழந்தை உழைப்பை எதிர்த்துக் காஞ்சிபுரத்துக்கு வந்து போராடியவர்களை அப்போது எங்கள் தெரு திட்டியது. அவர்கள் வந்திராவிட்டால் என்னோடு தார் சுற்றிய பிள்ளைகள் பலருக்கு எழுத்தே தெரிந்திருக்காது.

மாமாவுக்கு டிசைனுக்கு ஒரு தொகை, ஒரே முறை. அந்த மயில் எத்தனை சேலையில் ஆடியது, எந்தெந்தக் கல்யாணத்துக்குப் போனது என்பதெல்லாம் அவருக்குச் சேராத கணக்கு. கடையில் சேலையை விரித்துக் காட்டுகிறபோது ‘காஞ்சிபுரம்’ என்ற பெயர் சொல்லப்படும், கடையின் பெயர் சொல்லப்படும், மயிலைப் போட்டவர் பெயர் யார் வாயிலும் வராது.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா என்று பிற்பாடு தேடிப் படித்தேன். 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் புதிதாக இருக்க வேண்டும். வெளியே வருவதற்கு முன்பே பதிய வேண்டும். திண்ணையில் பென்சில் பிடித்திருந்த மாமாவுக்கு இதை யார் சொன்னார்கள்? பதியாவிட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காக்கும் என்று நினைத்தால், அதன் 15ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் வைத்து, உரியவரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால் பதிப்புரிமை போய்விடும். நன்றாக விற்ற மயிலுக்குத்தான் இந்தக் கதி. விற்காத மயில் பத்திரமாக இருக்கும்.

2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். ஊரின் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் அந்தக் காப்பு பெயருக்குத்தான். வரைந்த கைக்கு அதில் தனி இடம் கிடையாது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாப் பாட்டு எழுதுகிறவரும் இசையமைக்கிறவரும் ராயல்டியில் தங்கள் பங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்கவே முடியாதபடி செய்தார்கள். அதைப் படித்த அன்று நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். பாட்டுக்கு முடிகிறதென்றால் சேலைப் புட்டாவுக்கும் முடியும். பட்டுச் சேலை ஒன்றை ஒரு கல்யாண வீடே பல தலைமுறை பெட்டியில் வைத்துக் காக்கிறது. அதன் முந்தியில் இருப்பதும் ஒருவருடைய கற்பனைதான்.

கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985லேயே வந்தது; அது செல்லும் என்று 1993இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இப்போது 11 ரகங்கள் ஒதுக்கத்தில் இருக்கின்றன, சேலை அதில் ஒன்று. இருந்தும் செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதும், மயில் அதே வாரத்தில் விசைத்தறியில் ஏறிவிடுகிறது.

அண்மையில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் தறி வீட்டிலேயே சேலை எடுக்க வந்தது. சத்தமில்லாத மின்காரில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். சாயத்தண்ணீரை எங்கே விடுகிறீர்கள், பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறீர்களா, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு. முப்பது வருஷம் முன்பு எந்த முதலாளியும் எங்களைக் கேட்காத கேள்விகள். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. கடைசியில் விலை பேசும்போது, இதே டிசைன் வேறிடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று போனில் ஒரு படம் காட்டினார். அது மாமாவின் மயில். நான் சொன்னேன்: “அம்மா, நீங்க கேட்ட மூணு கேள்வியோட இன்னொண்ணும் சேத்துக்கோங்க. இந்த மயிலப் போட்டது யாருன்னு கேளுங்க.” அவர் கேட்டார். மாமாவைத் திண்ணையிலிருந்து கூப்பிட்டோம். சேலையை நாங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டு போனார்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மாள் வந்த மாதிரிக் கார்கள் எங்கள் வட்டாரத்திலேயே உருவாகின்றன. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 2019இல் கோனா மின்காரைப் பூட்டினார்கள். 2025 ஜனவரியில் க்ரெட்டாவின் மின்கார் வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் 2010இல் தொடங்கிய ஆலை இருக்கிறது. மின்வாகனத்துக்கென்று தமிழக அரசு 2019இல் ஒரு கொள்கை வெளியிட்டு, 2023இல் திருத்தியது. பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கும் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 கட்டாயமாயிற்று. வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம் சாலையில் லாரிப் புகை குடித்து வளர்ந்தவள் நான். இதில் எதையும் குறைத்துப் பேச மாட்டேன்.

மின்கார் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு: மின்சாரமே நிலக்கரியில் வருகிறதே என்பார்கள். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியில்தான் வருகிறது, உண்மை. அப்படியிருந்தும் செய்வது முதல் கழிப்பது வரை கணக்குப் போட்டால் மின்கார் பெட்ரோல் காரைவிடக் குறைவாகவே கெடுக்கிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட அந்தக் கணக்கு இன்னும் நல்லதாகும். எனக்குள்ள கேள்வி வேறு. அந்த நிலக்கரிச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் கொட்டுகிறது. அங்கே மீன் பிடிக்கிறவர் கணக்கில் அது ஏறுகிறது. 2017இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ பாடியது அந்தக் கழிமுகத்துக்காகத்தான். அதைக் கேட்டபோது எங்கள் ஏரியும் வரத்துக்கால்வாயும் மாடு மேயும் தரவையும் எனக்குள் வந்து போயின. வருவாய்த்துறை ஏட்டில் அவையும் புறம்போக்குதான்.

எங்கள் ஏரி தொண்டைமான் இளந்திரையன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஏரி. ஏரிகளின் மாவட்டம் என்று பெயரெடுத்த இந்தச் சீமையில் எந்த ஏரியும் தனியாக வாழ்வதில்லை. மேல் ஏரி நிரம்பி வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். பல்லவர் காலத்துக் கம்பன் கால்வாய் பாலாற்றில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும் வழியில் ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டே போவது இந்த முறையில்தான். 2022இல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்கிறார்கள். அந்தக் கால்வாய் அதன் ஊடே போகிறது, ஏரிகள் பலவும் அதற்குள் வருகின்றன. ஏகனாபுரத்து மக்கள் மாலை தோறும் கூடி உட்கார்ந்து எதிர்த்தார்கள், கிராமசபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். வயல் வேலை முடித்து வந்து அப்படி உட்கார்ந்த பெண்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஏரியின் கரையை மட்டும் விட்டுவைத்து வரத்தை அடைத்துவிட்டு, ஏரியைத் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. எந்த ஏரியும் தனியாக வாழ்வதில்லை என்பது 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டபோது சென்னைக்கும் புரிந்திருக்க வேண்டும்.

என் தம்பி ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மின்காருக்குப் போகும் பாகமும் அவன் கையில் வருகிறது. பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளம் அவனுக்குக் கிடையாது. மாமாவின் மயிலும் அவன் பூட்டும் பாகமும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன: பொருளின் பெருமை எங்கோ போகிறது, செய்தவருக்குத் தினக்கூலி.

கிராமசபைக்கு இதையெல்லாம் சேர்த்து ஒரே மனுவாக எழுதலாம் என்று மாமாவின் மகள் சொன்னாள். எழுதினோம். ஏரி நீர்வளத்துறை, டிசைன் கைத்தறித்துறை, நிலம் சிப்காட், தொழிலாளி தொழிலாளர் துறை; பிரித்துக் கொடுங்கள் என்று அங்கே சொன்னார்கள். பிரிக்கவில்லை. அதே மனுவை நான்கு நகல் எடுத்து நான்கு இடத்துக்கும் அனுப்பினோம். கேட்டது இவ்வளவுதான்: தென்னேரிக்கு வரும் கால்வாய்கள் அத்தனையையும் அளந்து வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். இந்த வட்டாரத்தில் புதிதாக நிலம் எடுக்கும் எந்த ஆலையும், அது எவ்வளவு சுத்தமான வண்டி செய்தாலும், அந்த வரைபடத்தின்மேல் தன் இடத்தைக் குறித்துக் காட்டட்டும். அங்கே ஒரே வேலை செய்கிறவருக்கு ஒரே சம்பளம் கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கம் வாங்கும் ஒவ்வொரு புது டிசைனையும் வரைந்தவர் பெயரிலேயே பதிவு செய்து, விற்கும் சேலைக்குச் சேலை அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள். ஜனவரி 26 கிராமசபையில் இதையே மறுபடி படிப்போம், வாசிக்கப்போவது மாமா.