பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: எம்.ஏ., எம்.ஃபில். முடித்த ஒருத்தி, செகந்திராபாத்.

பெறுநர்: தலைவர் அவர்கள், பல்கலைக்கழக மானியக் குழு, பகதூர் ஷா ஜாபர் மார்க், புதுதில்லி.

பொருள்: ஆய்வுப் பட்டங்களை ஒன்றே ஒன்றாகக் குறைத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்களின் 2022 நவம்பர் பிஹெச்.டி. விதிமுறைகள், விதி எண் 14.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அக்கா மகள் விழுப்புரத்தில் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு இங்கே வந்திருக்கிறாள். "சித்தி, ஆராய்ச்சி எனக்கு வருமா வராதான்னு ஒரு வருஷம் செஞ்சு பாக்கணும். அதுக்கு ஏதாவது படிப்பு இருக்கா?" என்றாள். இந்த ஊரில் பல்கலைக்கழகங்களுக்கா பஞ்சம்? உஸ்மானியா 1918-இல் வந்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகம் 1974-இல் வந்தது. அதற்காக அரசமைப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். உருதுவுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்கும் ஒன்று என்று வேறு இருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே பதில்: பிஹெச்.டி. குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஆறு. மெட்ரோவில் மியாப்பூரில் ஏறினால் எல்.பி. நகரில்தான் இறங்க வேண்டும், நடுவில் அமீர்பேட்டையும் கிடையாது, நாம்பள்ளியும் கிடையாது என்பதுபோல. தேர்ந்தெடுக்கும் தொல்லையை ஒழித்துவிட்டீர்கள். முதல் நன்றி அதற்கு.

எம்.ஃபில். என்று ஒன்று இருந்தது. ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. சில தாள்கள், ஒரு சிறு ஆய்வேடு, ஒரு வாய்மொழித் தேர்வு. அடிக்குறிப்பு போடவும், ஆவணக் காப்பகத்தில் கட்டு கேட்டு எழுதிக்கொடுக்கவும், படித்ததையெல்லாம் நம்பாதிருக்கவும் நான் பழகியது அதில்தான். ஒத்துவரவில்லையா, கையில் ஒரு பட்டத்தோடு ஊர் திரும்பலாம். மறைப்பானேன், தமிழ்நாட்டில் அது மலிந்தும் போயிருந்தது; ஆய்வேட்டைக் கூலிக்கு எழுதித்தர ஆள் இருந்தார்கள். அந்த ஆட்களைப் பிடிப்பது சிரமம். பட்டத்தை ஒழிப்பது சுலபம்.

எங்கள் பட்டத்தோடு தாங்கள் ஆடிய ஆட்டத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். விரிவுரையாளர் வேலைக்கு, 1993 முடிவதற்குள் எம்.ஃபில். வாங்கியவருக்கு நெட் தகுதித் தேர்வு வேண்டாம் என்றீர்கள். அதற்குப் பின் வாங்கியவருக்கு வேண்டும் என்றீர்கள். 2006-இல் இளங்கலைக்குப் பாடம் நடத்த எம்.ஃபில். போதும் என்றீர்கள். அதை நம்பிச் சேர்ந்தவர்களிடம் 2009-இல் போதாது என்றீர்கள். 2023 டிசம்பர் அறிவிப்பில் அது அங்கீகரிக்கப்பட்ட பட்டமே அல்ல என்றீர்கள். பழைய பட்டங்களுக்குப் பாதிப்பில்லை என்று விதியில் இருப்பதால், என் பெயருக்குப் பின்னால் அதை இன்னும் போட்டுக்கொள்கிறேன். சற்றுச் சின்ன எழுத்தில்.

ஒரே ஒரு விஷயம் புரியவில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகம் இருக்கும் அதே கச்சிபௌலியில் ஐஐஐடி இருக்கிறது. அங்கே பொறியியல் பிள்ளைகளுக்கு ஆய்வுவழி எம்.எஸ். உண்டு. பாடங்கள், ஆய்வேடு, அதன்மேல் விசாரணை, பட்டம். சென்னை ஐஐடியிலும் உண்டு. கணினிக்காரன் பிஹெச்.டி.க்கு முன்னால் ஒருமுறை ஆழம் பார்த்துக்கொள்ளலாம்; நிஜாம் காலத்து வரிப் பதிவேடுகளைப் படிக்க நினைக்கிறவள் ஆழம் பார்க்காமலே குதிக்க வேண்டும். கலைப்பிரிவு மாணவர்களின் நீச்சலில் தங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை!

மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி எம்.ஃபில்.களை மட்டும் 2025–26 வரை நீட்டித்தீர்கள். தொலைநோக்கு. ஆறு வருட ஆய்வாளர்களைத் தேற்ற ஆள் வேண்டுமே.

நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் நாலைந்து வருடம் தனியாக ஆராயவும் தெரியும் என்று கண்டு, 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணையே பிஹெச்.டி. சேர்க்கைக்குக் கொண்டுவந்தீர்கள். 70 விழுக்காடு அதற்கு, 30 நேர்காணலுக்கு. அந்த முதல் தேர்வே ஜூன் 18 அன்று நடந்தது. ஒன்பது லட்சம் பேர் எழுதினார்கள். மறுநாள் ரத்து. வினாத்தாள் கசிவுக்குச் சான்றாக வந்த படமே திருத்தப்பட்டது என்று சிபிஐ பிறகு கண்டது. சான்றைச் சரிபார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது என்பதை எங்கள் எம்.ஃபில். வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 8,000. அது ஏறி வெகுகாலம் ஆகிறது. 2015-இல் அதையும் நிறுத்தப் பார்த்தீர்கள். பிள்ளைகள் தங்கள் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்த பிறகு விட்டுவிட்டீர்கள். கச்சிபௌலியில் 8,000 ரூபாய்க்குத் தனியறை கிடைத்தால் விலாசம் அனுப்பவும், நானே குடிபோகிறேன். இத்தனைக்கும் பிறகு 2023 ஜூலையில் தங்கள் குழுவின் அப்போதைய தலைவர் உஸ்மானியா வளாகத்துக்கே வந்து, உதவிப் பேராசிரியர் வேலைக்கு பிஹெச்.டி. கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னப் பட்டம் கிடையாது; பெரிய பட்டம் தேவையில்லை.

எம்.ஃபில். நிறுத்தப்படும் என்று எழுதிய 2020 தேசியக் கல்விக் கொள்கையிலேயே இன்னொன்றும் இருக்கிறது. இளங்கலையில் முதல் வருடத்தோடு விலகினால் சான்றிதழ், இரண்டாம் வருடத்தோடு விலகினால் டிப்ளமா, மூன்றாம் வருடத்தோடு விலகினால் பட்டம். பதினெட்டு வயதில் மனம் மாறினால் ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு. இருபத்தாறு வயதில், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றோ, நெறியாளர் ஓய்வு பெற்றார் என்றோ, இது நமக்கான வேலை இல்லை என்று தெரிந்தோ ஆய்வை விடுகிறவளுக்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. பிஹெச்.டி.யோடு எம்.ஃபில்.லைச் சேர்த்து நடத்தியபோது அவளுக்கு அந்தக் கதவு இருந்தது.

ஆகவே, இரண்டு ஆண்டு ஆய்வு செய்து விலகுகிறவர்களுக்கு ஒரு ஆய்வேட்டின் பேரில் ஏதாவது ஒரு பட்டம் வழங்கும்படி வேண்டுகிறேன். பழைய பெயர் கூசினால், பொறியியல்காரர்களிடம் உள்ள பெயரையே கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அக்கா மகள் அடுத்த நெட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லுமாம். அதற்குள் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய எம்.ஃபில்.

இணைப்பு: எம்.ஃபில். சான்றிதழ் நகல், சான்றொப்பமிட்டது – 1.