பழைய துப்பாக்கியைச் சோதித்து வாங்குவது எப்படி?

மணப்பாறைச் சந்தையில் ஒரு மாடு பிடிக்க உங்களுக்கு அரை நாள் ஆகிறது. பல் பார்க்கிறீர்கள், சுழி பார்க்கிறீர்கள், நடக்கவிட்டு, வண்டியில் பூட்டிப் பார்க்கிறீர்கள். துப்பாக்கிக் கடைக்குப் போகும்போது அந்தக் கெட்ட பழக்கத்தையெல்லாம் செருப்போடு வாசலில் விட்டுவிடுங்கள்.

1. கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்குப் பணம் ஏறிய வாரமே கிளம்புங்கள். பணம் சூடாக இருக்கும்போது துரு கண்ணுக்குத் தெரியாது.

2. மச்சானைக் கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடத்து என்.சி.சி.யில் ஐந்து ரவை சுட்டவர். அன்றிலிருந்து அவர்தான் ஊருக்கு ஆயுத நிபுணர்.

3. லைசென்ஸ் மனுவில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதியிருப்பீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கு நினைத்தது குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அதைத் திண்ணையில் தாத்தா படத்துக்குக் கீழே மாட்டினால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள். இரட்டைக் குழல் கேளுங்கள்.

4. முதலில் கட்டையைப் பாருங்கள். பளபளக்கிறதா? முடிந்தது சோதனை. தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, துப்பாக்கியை மடித்து, குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறவன் சந்தேகப் பிராணி. அப்படிப் பார்த்தால் உள்ளே குழி விழுந்ததும் நசுங்கியதும் தெரிந்து தொலைக்கும். குழலும் பின்பகுதியும் சேரும் இடத்தில் ஆட்டம் இருந்தால் மச்சான் பார்த்துக்கொள்வார்: "பழசுன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும், மச்சான்."

5. குழலின் மேல் பாம்புச்சட்டை மாதிரி வரி ஓடுகிறதா? உடனே விலை பேசுங்கள். அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்து, கரிமருந்துக் காலத்தில் செய்தது. இன்றைய தோட்டாவின் அழுத்தம் தாங்காமல் கிழிந்துபோகலாம். ஆனால் போட்டோவில் என்ன அழகாக விழும்!

6. தோட்டா உட்காரும் அறையின் நீளத்தை அளக்காதீர்கள். பழைய பன்னிரண்டு போர் இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலம். இன்று பரவலாக விற்கும் தோட்டாவுக்கு இரண்டே முக்கால் வேண்டும். நெல் மூட்டையில் கால் கிலோ குறைத்துவிட்டான் என்று ரோட்டில் உட்காருகிற நீங்கள், இந்தக் கால் அங்குலத்தைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுங்கள்.

7. வெறும் துப்பாக்கியின் விசையை டக், டக் என்று இருபது தடவை இழுங்கள். பழைய துப்பாக்கியில் ஊசி உடைவது இப்படித்தான். அதைத் தவிர்க்கவே போலித் தோட்டா என்று ஒன்று இருக்கிறது. கேட்டுவிடாதீர்கள், கடைக்காரர் உங்களை விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துவிடுவார்.

8. முறையான சுடுதளத்தில் சுட்டுப் பார்க்க முடியுமா என்று வாய் திறக்கவே வேண்டாம். மகன் கல்யாணத்துக்கு அந்தச் சோதனையை ஒத்திப்போடுங்கள். பந்தலுக்கு மேலே இரண்டு குண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்தாகச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மொய்ப் பணத்தில் சரிக்கட்டிவிடலாம், அபராதத்தை மட்டும்.

(சோதனை என்றால் தஞ்சாவூர் பீரங்கி மேட்டைப் போய்ப் பாருங்கள். நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, இரும்புப் பட்டைகளை அடித்துச் சேர்த்தது, சுமார் 22 டன். திரியை வெகுதூரம் நீட்டிப் பற்றவைத்து, ஒரே ஒரு தடவை சுட்டார்களாம், ஊரில் சொல்கிற கதை. பற்றவைத்தவன் எட்ட நின்றான் பாருங்கள், அவன்தான் வாங்கத் தெரிந்தவன்.)

9. வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் போட வேண்டாம், உறைக்குள்ளேயே ஈரம் காக்கட்டும். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே சுவரோரம் சாய்ந்திருக்கும் மற்ற துப்பாக்கிகளோடு வைத்துப் பார்த்து, நீங்கள் ஏமாந்த தொகையைச் சாவகாசமாகக் கணக்குப் போடலாம்.

10. இனி பயிரைக் காக்க வேண்டியதுதான். வயலில் மயில் இறங்கினால் கை வைக்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, குறைந்தது மூன்றாண்டு சிறை. மிச்சம் எலி. அது ராத்திரியில் வரும், வரப்புக்குள் வளை தோண்டி இருக்கும். அதற்கு டெல்டாவில் காலங்காலமாக வைப்பது தஞ்சாவூர் கிட்டி: மூங்கில், கொஞ்சம் கயிறு. வாங்குமுன் விரலை விட்டுப் பார்க்கலாம். லைசென்ஸ் வேண்டாம்.